இயர் மஃபுக்கு அடியில் ஒரு பாட்டு

பாஸ்கரன் அண்ணன் ஓடி வருகிறார். பம்ப் ஹவுஸ் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு வருகிறார். தலையில் ஹெல்மெட் இல்லை. கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. மூக்கைப் பொத்த வேண்டிய கை என்னைப் பார்த்து ஆடுகிறது. வாய் பெரிதாகத் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது.

நான் சாம்பிள் போத்தலைக் குழாயடியில் பிடித்தபடி நிற்கிறேன். போத்தல் நிறைந்து வெதுவெதுப்பான தண்ணீர் என் கையுறைமேல் வழிகிறது.

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்பதை இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. ‘தீயோ, வெடியோ’ என்று தோன்றவில்லை. ‘ஐயோ, மாட்டிக்கிட்டேன்’ என்றுதான் தோன்றியது.

பயந்தாங்கொள்ளிக்கு ஒரு வேலை

போன வாரம் இந்தத் தொடரில், வாடகை வீட்டு முனையில் இருந்த நாயைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பயந்து மூன்று மாதம் சுற்றுவழியில் பஸ் ஏறப் போனதைப் படித்துவிட்டு, பத்து பாகாட் ஊரிலிருந்து என் அண்ணன் மனைவி போன் போட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். இடி, லிஃப்ட், ஊசி, கரப்பான், மேலதிகாரியின் இருமல் என்று நான் பயப்படாத பொருள் குறைவு.

இப்படிப்பட்டவளுக்குப் பாசிர் கூடாங்கில், குழாயும் புகைபோக்கியுமாக நிற்கும் ஒரு ரசாயன ஆலையில் வேலை கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் சாம்பிள் எடுப்பவள். காலையில் போத்தல் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குள் போய், குழாய் குழாயாகத் திறந்து பிடித்து வர வேண்டும். சாமான் பெயரை எழுதி ஒட்டினால் வேலை முடிந்தது.

மற்ற இடமெல்லாம் பரவாயில்லை. பம்ப் ஹவுஸ்தான் என் எமன். லாரி அளவுக்கு ஐந்து பம்ப்புகள், நாலு பக்கமும் தகரச் சுவர். உள்ளே போனால் சத்தம் காதால் வராது, நெஞ்செலும்பு வழியாக வரும். பச்சை நிற இயர் மஃபைக் காதில் கவிழ்த்துக்கொண்டுதான் போக வேண்டும். போட்ட பிறகு இன்னும் மோசம். இரைச்சல் அடங்கி ஒரு ஊமை உலகம் ஆகிவிடும். பின்னால் யாரோ நிற்பது போலவே இருக்கும். ஒரு போத்தல் நிறைவதற்குள் நாலு தடவை திரும்பிப் பார்ப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலேயே பேய்.

வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு முறை கடிதம் எழுதினேன். கொடுக்கவும் பயமாக இருந்தது.

விரல் நீளச் சாமான்

ஒரு தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பத்து பாகாட் கைப்பேசிக் கடை ஒன்றில் அந்த எம்பி3 பிளேயரை வாங்கினேன். நீல நிறம். என் நடுவிரல் நீளம். ஒல்லி பேட்டரி ஒன்று போதும். சின்னத் திரையில் ஆரஞ்சு வெளிச்சம் வரும். கடைக்காரச் சீன அம்மா தன் கம்ப்யூட்டரிலிருந்து தமிழ்ப் பாட்டுகளை மொத்தமாக அள்ளிப் போட்டுக் கொடுத்தார். கூடவே இரண்டு சீனப் பாட்டுகளும் வந்துவிட்டன. ஒன்றில் ஒரு பெண் அழுதுகொண்டே பாடுவாள். கடைசிவரை அதை நான் அழிக்கவில்லை, பாவம்.

ஒரு வாரம் ஃபேக்டரி பஸ்ஸில் கேட்டேன். அந்த ஒரு வாரமும் பஸ் பாலத்தில் ஏறும்போது நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அப்போதுதான் அந்த விபரீத யோசனை வந்தது. இயர்போனைக் காதில் செருகி, அதன்மேல் இயர் மஃபைக் கவிழ்த்தால் யாருக்குத் தெரியும்?

ஆலையின் உள் கேட்டில் காவலுக்கு ஜாகா உட்கார்ந்திருப்பார். தினமும் மூன்றே கேள்வி கேட்பார்: “டெலிபோன்? லைட்டர்? ரோக்கோ?” கைப்பேசி, லைட்டர், சிகரெட் மூன்றையும் வெளியே அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் மூன்றுக்கும் தலையை ஆட்டுவேன். பாட்டுப் பெட்டி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்? பிளேயர் என் பூட்ஸுக்குள், காலுறை மடிப்பில் இருந்தது.

பாதுகாப்பு வகுப்பில் சொல்லியிருந்தார்கள்: உள்ளே பேட்டரிச் சாமான் எதுவும் கூடாது, ஒரு பொறி போதும். நானும் தலையாட்டிக் கேட்டிருந்தேன். என் விரல் நீளச் சாமானுக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் இருப்பதாக என் மண்டையில் ஏறவில்லை. ஏறவிடவில்லை என்பதே சரி.

பம்ப் ஹவுஸில் முதல் நாள் பாட்டைப் போட்டதும் ஐந்து பம்ப்புகளும் சாதுவாகிவிட்டன. ஊமைப் பேய்கள் பாட்டுக்குத் தலையாட்டின. போத்தல் நிறையும்வரை நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தைப் போக்க வாங்கிய சாமான் வேலை செய்தது.

ஆனால் வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்று முதல் கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கணுக்காலில் நெருப்பு வைத்தது போல இருக்கும். ஜாகா குனிந்து தன் செருப்பைச் சரிசெய்தால்கூட என் உயிர் போய் வரும்.

சளி பிடித்த பம்ப்

பாஸ்கரன் அண்ணன் எங்கள் ஷிப்ட் ஆப்பரேட்டர். லாயாங் லாயாங் ஊர்க்காரர். கித்தாக்காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஊர்க் கோயில் உருமி மேளக் குழுவில் பாடுகிறவர். குண்டான உடம்பு, அதைவிடக் குண்டான குரல். மைக் இல்லாமலே இரண்டு தெரு கேட்கும்.

அவருடைய காது பாம்புச் செவி. ஸ்க்ரூடிரைவர் முனையைப் பம்ப்பின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டர் குழல் வைத்துப் பார்ப்பது போல. “மூணாம் நம்பருக்குச் சளி புடிச்சிருக்கு மலரு. பேரிங் போகப் போது” என்பார். பத்து நாளில் பேரிங் போகும். மலர்விழி என்ற என் பெயரை ஆலையில் ‘மலரு’ என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான்.

பம்ப் ஹவுஸை ஒட்டி ஆப்பரேட்டர்கள் தேத்தண்ணி குடிக்கும் கொட்டகை ஒன்று உண்டு. ஒரு நாள் நல்ல வெயில். அண்ணன் காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டு, தானே கட்டிய பாட்டைப் பாடினார். ‘கித்தாக்காட்டு எல்லையில காவல் நிக்கும் முனியா’ என்று தொடங்கும். பம்ப் இரைச்சலுக்கு மேலே ஏறிப் பாடினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

என் பிளேயரில் குரல் பதியும் பொத்தான் ஒன்று இருந்தது. அதுவரை தொட்டதில்லை. பூட்ஸ் கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்து அழுத்தினேன். நாலு நிமிஷம். பாட்டு முடிந்ததும் மறுபடி குனிந்து நிறுத்தினேன்.

“என்னா மலரு, கயிறு அவுந்துக்கிட்டே இருக்கு? புது பூட்ஸ் கேளு லா” என்றார் அண்ணன். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பெரட்டு

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

கேட்டில் ஒரு பலகை இருக்கும். உள்ளே போகிறவர் ஒவ்வொருவரும் தன் பெயர் அட்டையை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். சைரன் ஊதினால் எல்லோரும் கேட்டுக்கு வெளியே திடலில் கூட, ஷிப்ட் ஆப்பரேட்டர் பலகையைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். அண்ணன் அதைப் ‘பெரட்டு’ என்பார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கு எடுப்பதற்கு அதுதான் பெயர்.

அன்று ஒரு குழாய் இணைப்பில் அமோனியா கசிந்தது. சைரன் ஊதியது. எல்லோரும் ஓடினார்கள். பலகையில் ஒரே ஒரு அட்டை மிச்சம். அது என்னுடையது.

முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் மாட்டிக்கொண்டு தேடப் போவதற்கு ஒரு குழு உண்டு. அவர்கள் மாட்டி முடிக்கச் சில நிமிஷம் ஆகும். அண்ணன் காத்திருக்கவில்லை. வெள்ளைப் புகைக்குள் வெறும் முகத்தோடு ஓடியிருக்கிறார். நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியாததால் போகும் வழியெல்லாம் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறார்.

மீதி நீங்கள் பார்த்ததுதான். கதவு திறந்ததும் கண்ணைக் குத்தும் நெடி உள்ளே வந்தது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். போத்தல் விழுந்து உடைந்தது. பின்பக்கக் கதவு வழியாகக் காற்றுக்கு எதிர்த்திசையில் ஓடினோம்.

திடலுக்கு வந்ததும் அண்ணன் முழங்காலில் விழுந்து இருமினார். வாயிலிருந்து நுரை வந்தது. யாரோ தண்ணீர்க் குழாயை அவர் முகத்தில் பீய்ச்சினார்கள். எல்லோரும் என்னைச் சுற்றி வந்து வாயை அசைத்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இயர் மஃபை நான் கழற்றவில்லை. கழற்றினால் வயர் தெரியும்.

என் எதிரே எனக்காக ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கிறார். நான் இரண்டு கையாலும் இயர் மஃபை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதிர்ச்சியில் நிற்கிறாள் என்று நினைத்து ஒரு மலாய் அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் பிடியிலிருந்து நழுவிக் கழிவறைக்கு ஓடி, கதவைச் சாத்திய பிறகுதான் கழற்றினேன். அப்போதுதான் சைரன் கேட்டது. அது இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

ஹேம்பர்

விசாரணை நடந்தது. சேஃப்டி ஆபிசர் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார்: “சைரன் டாக் டெங்கார்கா?” கேட்கவில்லையா என்று.

“இயர் மஃப் போட்டிருந்தேன். கேட்கவில்லை” என்று மலாயில் சொன்னேன். பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் உண்மை.

இயர் மஃப் போட்டவருக்குப் பம்ப் ஹவுஸில் சைரன் எட்டாமல் போகலாம் என்று முடிவு செய்து, உள்ளே சுற்றும் சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டினார்கள். குறையைக் கண்டுபிடிக்க நான் உதவினேனாம். பாதுகாப்பு தினத்தன்று மேடைக்குக் கூப்பிட்டு ‘ஹேம்பர்’ என்ற பரிசுக் கூடை ஒன்றைக் கொடுத்தார்கள். பிஸ்கட், மைலோ, சார்டின், மேலே சிவப்பு ரிப்பன். அதே வாரம் பாஸ்கரன் அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். முகமூடி இல்லாமல் போனது விதி மீறல்.

நான் ஹேம்பரைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கியபோது முதலில் கைதட்டியவர் அவர்தான். அப்போதே அவருக்குக் குரல் இல்லை. காற்றுப் போகும் டயர் மாதிரி ஒரு சீறல்தான் வந்தது. “வாயை மூடிக்கொண்டு ஓடியிருந்தால் தொண்டை இவ்வளவு கெட்டிருக்காது” என்று டாக்டர் சொன்னாராம். அதையும் அண்ணன் சிரித்துக்கொண்டே சீறிச் சொன்னார்.

அவர் பிறகு பாடவே இல்லை. இரண்டு வருடத்தில் வேலையை விட்டு லாயாங் லாயாங்குக்குப் போய்விட்டார். நான் பிளேயரை அந்த ஹேம்பரில் வந்த மைலோ டின்னுக்குள் போட்டு, டின்னை அலமாரியின் அடியில் தள்ளினேன். தூக்கி எறிந்தால் யார் கையிலாவது கிடைத்துவிடும் என்று பயம். வைத்திருக்கவும் பயம். டின் என்னோடு நாலு வீடு மாறியது.

யாரிடமும் இல்லாத குரல்

அண்மையில், பழைய ஷிப்ட் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எழுதியவர் அண்ணனின் மனைவி ராஜேஸ்வரி அக்கா.

‘மகளுக்குக் கல்யாணம். அப்பா பாடின பாட்டு ஒன்னு வேணும்னு புள்ள ஆசைப்படுது. கோயில்ல எடுத்த கேசட்டெல்லாம் பூஞ்சை புடிச்சிருச்சி. அவர் ஆலையில நெறய பாடுவாரே, யாராச்சும் எடுத்து வெச்சிருக்கீங்களா?’

எல்லோரும் அழும் முகத்தைப் போட்டார்கள். ஒருவர் எழுதினார்: ‘எங்கக்கா, கேட்டுக்குள்ள போன் விடமாட்டாங்களே.’

உண்மைதான். விதியை மதித்த யாரிடமும் அந்தக் குரல் இல்லை. அது என் மைலோ டின்னில் மட்டும் இருந்தது.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. கோயில் விழாவில் எடுத்தது என்று பொய் சொல்லி அனுப்பலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்தப் பாட்டுக்குப் பின்னால் பம்ப் இரைகிறதே. ஊரையே ஏமாற்றலாம், அண்ணன் காதை ஏமாற்ற முடியாது. உள்ளே சாமான் கொண்டுபோயிருந்தேன் என்று தெரிந்தால் மற்றதையும் அவரே கூட்டிப் பார்த்துவிடுவார்.

ஐந்தாம் நாள் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். எரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் போட்டேன். ஆரஞ்சு வெளிச்சம் வந்தது.

ஆயர் ஈத்தாம், குளுவாங் வழியாக லாயாங் லாயாங்குக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். ரயில் ஸ்டேஷனைத் தாண்டி அவர் வீடு. அண்ணன் இளைத்திருந்தார். “வா மலரு” என்று சீறினார். அக்கா தேத்தண்ணி போடச் சமையலறைக்குப் போன நேரம், நான் பேசாமல் பிளேயரை எடுத்து அவர் கையில் வைத்து, இயர்போனைக் கொடுத்தேன்.

காதில் வைத்தார். தன் குரலைக் கேட்டதும் அவர் முகம் குழந்தை முகமாகிவிட்டது. தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. பாதிப் பாட்டில் அவர் புருவம் நெரிந்தது. பிளேயரை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது மூணாம் நம்பர் பம்ப் இல்ல? சளி புடிச்ச நேரம்.”

“ஆமாண்ணே.”

“இத உள்ளயா கொண்டாந்த?”

“ஆமாண்ணே.”

அவர் கண் என் காலுக்குப் போனது. அந்தப் பூட்ஸ் கயிறு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் திட்டினால் தாங்கிவிடுவேன், அழுதுவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன்.

பிறகு கேட்டார். “அன்னிக்கு நான் அவ்ளோ கத்துனேனே மலரு. ஒரு தடவகூட ஒனக்குக் கேக்கலயா?”

“இல்லண்ணே” என்றேன். “காதுல நீங்கதான் பாடிக்கிட்டு இருந்தீங்க. இதே பாட்டு.”

அண்ணன் பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். அக்கா தேத்தண்ணியோடு வந்தார். பாட்டு கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டு இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார். பிறகு கேட்டார்:

“என்னா பின்னால ‘ஓ’ன்னு ஒரே எரச்சலா இருக்கு?”

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

“மழ” என்றார். “மலரு கோயில்ல வெச்சு எடுத்துருக்கு. அன்னிக்கு நல்ல மழ.”

அந்தப் பாட்டு கல்யாண மண்டபத்தில் ஒலித்தது. பிளேயர் அண்ணனிடமே இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

அண்ணனுக்கு இப்போது கண்ணும் மங்கல். இந்தத் தொடரை வாரா வாரம் ராஜேஸ்வரி அக்காதான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறார். இந்த அத்தியாயத்தை எழுதி மூன்று முறை கிழித்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இதழ் வந்ததும் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிப்பார். அண்ணன் நிறுத்தச் சொன்னாலும் அக்கா நிறுத்த மாட்டார்.

அக்கா, அது மழை இல்லை. மூணாம் நம்பர் பம்ப்.